விழா மலருக்கு நீங்கள் கேட்ட இரண்டு வரி

அண்ணாச்சி,

போன வாரம் உங்கள் ஆபீஸிலிருந்து ஒரு பையன் போன் பண்ணினான். உங்கள் ஜவுளிக்கடைக்கு வெள்ளி விழா வருகிறதாம், மலர் போடுகிறீர்களாம், பழைய ஸ்டாஃப் எல்லாரும் ஒரு போட்டோவும் இரண்டு வரியும் அனுப்ப வேண்டுமாம். என்ன எழுதணும் தம்பி என்று கேட்டேன். "நம்ம கடை ஒரு குடும்பம், முதலாளி எங்களுக்கு அப்பா மாதிரின்னு எழுதுங்கக்கா, எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நாங்களே எழுதிப் போட்டுக்கிறோம், போட்டோ மட்டும் அனுப்புங்க" என்றான்.

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். சரிப்பா என்று போனை வைத்துவிட்டு அடுத்த பிளவுஸை வெட்டப் போயிருப்பேன். என் படத்துக்குக் கீழே நான் சொல்லாததை நீங்களே அச்சடித்துக்கொள்வீர்கள் என்றதும்தான் வயிற்றில் என்னவோ செய்தது. எனக்கு எழுத வரும், அண்ணாச்சி. இரண்டு வரியில் அடங்காது, அதுதான் சிக்கல். மலரில் நீங்கள் போடவும் மாட்டீர்கள். அதனால் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

உங்கள் பேரையோ கடை பேரையோ போடவில்லை. பயத்தில் இல்லை. என்னோடு நின்ற பிள்ளைகள் சிலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று அவர்களை ஒவ்வொருத்தியாக மேலே கூப்பிடக்கூடாது. மூன்றாவது மாடி, பூனம் சேலை செக்‌ஷன், 2009 ஜூன் முதல் 2017 ஜூன் வரை. உங்களுக்கு ஆள் யாரென்று தெரிய இது போதும்.

உங்கள் கடையில் எனக்கு நடந்ததை உங்களிடம் கேட்கலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காக வீட்டில் பேசியாகிவிட்டது. வீட்டுக்காரர், "அவர் எங்கயோ இருக்காரு, நீ எங்கயோ இருக்க, இப்ப கிளறி என்ன ஆகப்போகுது" என்பார். அம்மாவோ உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று ஒரே போடாகப் போடுவாள். அம்மாவிடம் ஒன்று சொல்ல வேண்டும், அந்த உப்புக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். ஹாஸ்டல் சாம்பாருக்கும், ஒரு அறையில் பதினான்கு பேர் தலையோடு தலை இடித்துப் படுத்ததற்கும் சேர்த்துத்தான் பிடித்தம். இனாமாக எதுவும் தின்னவில்லை.

ஆனாலும் அம்மா சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் பத்தாவது முடித்துவிட்டு, மழை இல்லாத வருஷம் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு 3,500 ரூபாய்ச் சம்பளம் போட்டது நீங்கள்தான். பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து எழும்பூரில் இறங்கியபோது எங்கள் ஆறு பேருக்கும் இட்லி வாங்கிக் கொடுத்து வேனில் ஏற்றியது உங்கள் ஆள்தான். செக்‌ஷனில் ஒரு பிள்ளைக்குக் குடல்வால் வெடிக்கிற நிலைமையில் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தீர்கள். பி.எஃப். ஒழுங்காகக் கட்டினீர்கள், அது என் கைக்கு வந்தது. என் கல்யாணத்துக்கு ஒரு பட்டுச் சேலையும் 5,000 ரூபாயும் கொடுத்தீர்கள், அந்தச் சேலை இன்னும் பீரோவில் இருக்கிறது. மஞ்சள் பையோடு மெட்ராஸுக்கு வந்த கதையை நீங்கள் காலைப் பிரேயரில் சொல்லும்போது எனக்கு நிஜமாகவே கண் கலங்கியிருக்கிறது. இதெல்லாம் பொய் இல்லை. இதெல்லாம் இருந்ததால்தான் மற்றதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

மற்றது என்னவென்றால், நின்றது.

காலை ஒன்பது மணிக்குப் பிரேயர். இரவு பத்து மணிக்கு ஷட்டர் பாதி இறங்கும், அன்றைக்கு விரித்துப் போட்டதையெல்லாம் மடித்து அடுக்கி வெளியே வரப் பத்தரை ஆகிவிடும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. அதுவும் மெஸ்ஸில் வரிசையில் நிற்கிற நேரத்தையும் சேர்த்துத்தான். ஒரு அம்மா வந்து நாற்பது சேலையை விரிக்கச் சொல்லி, ஒன்றும் எடுக்காமல் "அப்புறம் வரேம்மா" என்று போவார். முந்தியை மோவாய்க்கும் கழுத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் பார்டரைச் சேர்த்துப் பிடித்து, ஒரு உதறு, ஒரு மடிப்பு. நாற்பது தடவை. கழுத்து வலி கூடப் பழகிவிட்டது. கால் பழகவே இல்லை. ராத்திரி ஹாஸ்டலில் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்திருப்போம், யாராவது எட்டிப் பார்த்தால் சிரித்திருப்பார்கள். முழங்காலுக்குப் பின்னால் நீல நரம்பு மண்புழு மாதிரி எழும்பத் தொடங்கியது எனக்கு இருபத்திரண்டு வயதில். டாக்டர் வெரிகோஸ் என்றார். என்ன வேலை என்று கேட்டார், ஜவுளிக்கடை என்றதும் வேறு எதுவும் கேட்கவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டார்.

பாத்ரூமுக்கு வில்லை. ஞாபகம் இருக்கிறதா? மாடிக்கு இரண்டு பிளாஸ்டிக் வில்லை, நாற்பது பிள்ளைகள். வில்லை கையில் இருந்தால்தான் போகலாம், பத்து நிமிஷம் தாண்டினால் நோட்டில் பேர். அதனால் தண்ணீரே குடிக்கமாட்டோம். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் சேலை மடிப்பது இல்லை, தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஐந்து வருஷம் ஆனதும் நானும் சீனியர். ஒரு பிள்ளை கவுண்டருக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்ததை நானே சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறேன், இரண்டு தடவை. என் செக்‌ஷனில் குறை வரக்கூடாதே என்று. அந்தப் பிள்ளைக்கு அரை நாள் சம்பளம் போனது. அவளிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பைப் போன மாதம் போனில் கேட்டுவிட்டேன். "எனக்கு ஞாபகமே இல்லக்கா" என்றாள். இருந்திருக்கும். எனக்காகச் சொன்னாள்.

இப்போது 2014 தீபாவளிக்கு வருகிறேன். அந்த வருஷம் அக்டோபர் 22, புதன்கிழமை தீபாவளி. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் படியில் கூட நிற்க இடமில்லை. எனக்கு அன்றைக்கு இரண்டாம் நாள், காலையிலிருந்து வில்லை கிடைக்கவில்லை, நாலு மணி சுமாருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. கவுண்டருக்குப் பின்னால் பிரிக்காத சேலைப் பண்டல் ஒன்று கிடந்தது, அதன் மேல் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் இருக்குமா, இருக்காது.

நீங்கள் கேமராவில் பார்த்துவிட்டு நீங்களே இறங்கி வந்தீர்கள். சூப்பர்வைசரை அனுப்பியிருக்கலாம். கத்தவும் இல்லை, நீங்கள் என்றைக்குமே கத்தமாட்டீர்கள். "கால் வலிக்குதாம்மா? அப்ப கீழ வா, அங்க வேலை கம்மி" என்று லிஃப்டில் கூட்டிக்கொண்டு போனீர்கள். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக் கூட இருந்தது. வாசலில் கும்பிட்டபடி ஒரு பொம்மை நிற்குமே, பட்டுச் சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்து. அதற்குப் பக்கத்தில் நிறுத்தி, "இதே மாதிரி கைய வச்சிக்க. கடை சாத்துற வரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

நாலரை மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் கைகூப்பி நின்றேன். வாங்க வாங்க என்று கூடச் சொல்லக்கூடாது, பொம்மை பேசாது. ஒரு சின்னப் பையன் எது பொம்மை, எது ஆள் என்று பார்க்க என் விரலைக் கிள்ளினான். அவன் அம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன். செக்யூரிட்டி தாத்தா மட்டும் என் பக்கம் பார்க்காமலே நின்றார், அதற்கு அவருக்கு இன்றைக்கும் நன்றி.

ஏழு மணி இருக்கும், எங்கள் ஊர் சித்தி ஒருத்தி மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தாள். "ஏட்டி, நீயா! மேல சேலை மடிச்சிட்டு இருந்தவளை வாசலுக்குக் கொண்டாந்துட்டாகளா? பெரிய வேலையாக்கும்?" என்றாள். நான் ஆமா சித்தி என்றேன். வேறு என்ன சொல்ல? ஊரில் போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள், எனக்குப் பதவி உயர்வு என்று. அம்மா கோவிலில் தேங்காய் உடைத்திருக்கிறாள். இன்றைக்கும் யார் வீட்டுக்கு வந்தாலும், "எங்க பிள்ள மெட்ராஸ்ல வாசல்ல நின்னு எல்லாரையும் வரவேற்கிற வேலை பார்த்தா, முதலாளியே கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் நிறுத்துனாராம்" என்பாள். அடுத்த அறையில் மிஷினை மிதித்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அதற்கப்புறமும் கிட்டத்தட்ட மூன்று வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன். ஏன் அன்றைக்கே கிளம்பவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்தான்: பத்தாவது மார்க் ஷீட் உங்கள் பீரோவில் இருந்தது. சேரும்போது ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். 2017-ல் கல்யாணத்துக்காக வேலையை விட்டு நின்ற பிறகும் நாலு மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது, அம்மா ரயிலேறி வந்து இரண்டு நாள் உங்கள் ஆபீஸ் வாசலில் காத்திருந்து வாங்கிப் போனாள். அதற்குள் ஊர்ப்பக்கம் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போடும் தேதி போய்விட்டது.

சட்டமெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்கிற ஒரு வக்கீலம்மா அளவு கொடுக்க வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்தது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். நாங்கள் பிறப்பதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிவைத்தது. அதைக் கேட்டபோது கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. எட்டு வருஷத்தில் ஒரு நாளாவது எட்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போயிருப்பேனா?

அப்புறம் கேரளாவைப் பற்றிச் சொன்னார். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று நம் ரங்கநாதன் தெரு மாதிரி ஒரு கடைத்தெரு. அங்கே விஜி என்று ஒரு தையல்காரம்மா கடைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு முதலில் பாத்ரூமுக்கும், பிறகு உட்காருவதற்கும் சண்டை போட்டு, 2018-ல் அந்த அரசாங்கம் சட்டத்தையே திருத்தியது. அங்கேயும் பாத்ரூம் போக வேண்டுமென்றால் தண்ணீரைக் குறை என்பதுதான் முதலாளிமார் சொன்ன வழியாம். அதைக் கேட்டதும் ஊசியை நிறுத்திவிட்டேன். எங்கள் ஹாஸ்டல் பேச்சு மலையாளத்தில் நடந்திருக்கிறது!

நம் ஊரில் 2021 செப்டம்பரில் வந்தது. தொழிலாளர் நல அமைச்சர் சி.வி.கணேசன் மசோதாவைக் கொண்டுவந்தார், சட்டப்பேரவை நிறைவேற்றியது, பழைய சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்காருவதற்கு எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், அவ்வளவுதான். கஸ்டமர் நிற்கும்போது கால்மேல் கால் போட்டு உட்காரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சட்டம் வந்த அன்றைக்கு டி.வி. பார்த்துக்கொண்டே காலைத் தடவிக்கொண்டிருந்தேன். நமக்கு இல்லை, இனி வர்ற பிள்ளைகளுக்காவது ஆச்சே என்று நினைத்தேன்.

போன ஆடியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க உங்கள் கடைக்கே வந்தேன். வேண்டுமென்றுதான் வந்தேன். மூன்றாவது மாடியில் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. கவுண்டருக்கு ஒன்று வீதம், நீலக்கலர் பிளாஸ்டிக் ஸ்டூல். எல்லா ஸ்டூல் மேலும் கவர் கட்டும், சேலைப் பண்டலும், ஒன்றில் பில் புத்தகமும். எனக்குச் சேலை காட்டிய பிள்ளைக்குப் பத்தொன்பது வயது இருக்கும், ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நின்றாள். அந்த நிலை எனக்குத் தெரியும். "உட்காந்து காட்டேன்மா, நான் ஒன்னும் நினைச்சுக்க மாட்டேன்" என்றேன். அவள் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மட்டும் மேலே தூக்கி, கேமராவைப் பார்த்துவிட்டு, சிரித்தாள்.

அப்படியே ஐந்தாவது மாடிக்கு ஏறி வந்தேன், அண்ணாச்சி. உங்கள் அறைக்கு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. "வாம்மா, நம்ம பிள்ளைதானே, என்ன விசேஷம்" என்றீர்கள். கேட்க வேண்டியதையெல்லாம் படி ஏறும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். உங்களைப் பார்த்ததும் என் இரண்டு கையும் தானாகக் கூடிவிட்டது. உங்கள் மேஜைக்கு எதிரே மூன்று நாற்காலி காலியாக இருந்தது. நீங்கள் உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சொந்தமாகக் கடை வைத்து, இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்கிறவள், காசு கொடுத்துச் சேலை வாங்க வந்தவள், அந்த அறையில் மறுபடியும் அந்தப் பொம்மையாகிவிட்டேன். நேரில் கேட்க என்னால் ஆகாது என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. எழுத்தில் முடிகிறது, ஏனென்றால் இதை என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கேட்பதைக் கேட்டுவிடுகிறேன்.

முதலாவது, என் பேரும் படமும் உங்கள் மலரில் வரக்கூடாது. பழைய குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்துப் போடுவதும் வேண்டாம். மற்ற பழைய ஸ்டாஃப் சொல்லாத வார்த்தையையும் அவர்கள் பேரில் போடாதீர்கள், அவரவர் எழுதினதைப் போடுங்கள்.

எனக்குக் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டு நிற்கும்போது தர வேண்டிய பணிக்கொடை, தரவில்லை. ஐந்து வருஷம் முடித்தவருக்கு வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், நான் நின்றபோது நடப்பில் இருந்த 1972-ம் வருஷத்துச் சட்டம். கடைசியாக என் அடிப்படைச் சம்பளம் 9,000. அதை மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்துப் பதினைந்தால் பெருக்கி எட்டு வருஷத்துக்குப் போட்டால் 41,538 ரூபாய் வருகிறது. நான் மனுப் போடவில்லை என்று உங்கள் மேனேஜர் சொல்வார். ஆள் மனுப் போட்டாலும் போடாவிட்டாலும் கணக்குப் பார்த்துக் கொடுப்பது முதலாளி பொறுப்பு என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. கல்யாணத்துக்குக் கொடுத்த 5,000-ஐ இதில் கழிக்காதீர்கள். அது அன்பளிப்பு, இது பாக்கி. வட்டியோடு கொடுங்கள். எனக்கு மட்டும் இல்லை, ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுக் கல்யாணத்துக்காக நின்ற எல்லாப் பிள்ளைகளுக்கும். ரெஜிஸ்டர் உங்களிடம்தான் இருக்கிறது.

பீரோவில் இன்னும் யார் யாருடைய ஒரிஜினல் சர்டிபிகேட் இருக்கிறதோ, அதையெல்லாம் இந்த மாதத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். வில்லையைத் தூக்கிப் போடுங்கள். ஸ்டூல் மேல் இருக்கிற பண்டலை இறக்கச் சொல்லுங்கள், அதோடு விடாமல், காலைப் பிரேயரில் மைக்கைப் பிடித்து, கஸ்டமர் இல்லாதபோது உட்காரலாம், கேமராவில் பார்த்தாலும் ஒன்றும் கேட்கமாட்டேன் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். சூப்பர்வைசர் சொன்னால் யாரும் உட்காரமாட்டார்கள். உங்களுக்கு அது தெரியும். தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் இது நடக்க வேண்டும். நடக்காவிட்டால் வக்கீலம்மாவை எழுதிக் கொடுக்கச் சொல்லித் தொழிலாளர் துறைக்கு மனுப் போடுவேன், அப்போது உங்கள் பேரும் கடை பேரும் அதில் இருக்கும்.

கடைசியாக ஒன்று. தை மாதம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், சென்னையில்தான். அவளைக் கூட்டிக்கொண்டு உங்கள் அறைக்கு வருவேன். எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொல்லுங்கள். உட்கார்ந்த பிறகு, 2014 தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னை எதற்காக வாசலில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள் என்று அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடி, பூனம் செக்‌ஷன்